நூற்றுப்பதினெட்டு ஆதரவாளர்கள்

சூசைமுத்து கேட்டது முள்ளை வெட்டச் சொல்லித்தான். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் பிற்பாடு வந்த அறிக்கைகள் எல்லாவற்றிலும் அவர்தான் ‘திட்டத்தின் முதல் கனவைக் கண்டவர்’ என்று எழுதப்பட்டிருக்கிறது.

காரைக்காலிலிருந்து கீழவாஞ்சூர் போகிற வழியில் உப்புக்கொட்டகைத் தெரு இருக்கிறது. தெருவுக்குப் பின்னால் ஒரு மண்மேடு ஓடுகிறது. ஒரு காலத்தில் அதன்மேல் உப்பு மூட்டை ஏற்றிய சின்ன ரயில் போய்க்கொண்டிருந்தது. ரயில் நின்றது, தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள், மேடு மட்டும் மிஞ்சியது. ஊருக்குள் பெரிய ரயில் மறுபடி வந்தபோதும் இந்தக் கிளைப் பாதையை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

தெருக்காரர்கள் மட்டும் மறக்கவில்லை. மறக்க முடியாது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் இரண்டு பக்கமும் வயலும் உப்பங்கழியும் ஒன்றாகிவிடும். காய்ந்த தரை என்பது அந்த மேடு ஒன்றுதான். அதை ஒட்டி முதலில் கபர்ஸ்தான், அப்புறம் சுடுகாடு, கடைசியில் மாதா கோயில் கல்லறைத் தோட்டம். வேறு எதில் ஒத்துப்போகாவிட்டாலும், மழைக்காலத்தில் செத்தால் மூன்று சமயத்தாரும் அதன்மேல்தான் போக வேண்டும்.

சூசைமுத்து லாரி எடைமேடையில் முப்பத்தோரு வருஷம் எழுத்தராக இருந்தவர். ஒரு கிலோ கூட்டியோ குறைத்தோ எழுதியதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் மனைவி ஜெயமேரி காலமானார். அதிலிருந்து தினமும் நாலு மணிக்கு மேட்டின் வழியே நடந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போவார். பக்கத்தில் உட்கார்ந்து அன்றைய சங்கதிகளைச் சொல்வார். விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிடுவார். ஒருநாள் சீமைக்கருவேல முள் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறியது. மனு எழுதிப் போட்டார்.

நாற்பத்தைந்தாம் நாள் மேட்டின் தொடக்கத்தில் இரும்புக் கதவும் வேலியும் முளைத்தன. பச்சைப் பலகை ஒன்று நின்றது. ‘இது மக்களின் நடைவழி. மக்கள் உள்ளே நடப்பது தடை செய்யப்பட்டுள்ளது.’ பலகைக்குக் கீழே முக்காலியில் மார்ட்டின் உட்கார்ந்திருந்தான். பங்குக் கோயிலில் மணியடிக்கிறவன், இப்போது காவலாளி.

“என்ன மார்ட்டின், பூட்டிருக்கு?”

“திட்டம் வந்திருக்கு மாமா. நீங்கதான் மனு போட்டீங்களாமே. வந்த அதிகாரிங்க எல்லாம் உங்களத்தான் வாழ்த்துனாங்க.”

“முள்ளு?”

“அத வெட்டல. உள்ள பத்திரமா இருக்கு.”

அன்று சூசைமுத்து லாரி ரோட்டைச் சுற்றிக்கொண்டு கல்லறைக்குப் போனார். மேட்டில் ஒன்றரைக் கிலோமீட்டர், ரோட்டில் ஐந்து. நிலக்கரி லாரிகள் ஒன்றன் பின்னால் ஒன்றாக முழங்கையை உரசிக்கொண்டு போயின. போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. “இன்னைக்கு நேரமாயிடுச்சு மேரி” என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினார். தான் எழுதிய நாலு வரி மனுவினால் தெரு முழுவதும் வழி இழந்து நின்றது அவரைத் தூங்கவிடவில்லை.

மறுநாள் நகரத்தில் இருந்த அலுவலகத்துக்குப் போனார். ‘பழைய இருப்புப்பாதை நடைவழிக் கழகம், மக்கள் ஆதரவுப் பிரிவு’ என்று வாசலில் போட்டிருந்தது. உள்ளே எழுத்தர் வெண்மதி அவரை மின்விசிறிக்கு நேர்கீழே உட்கார வைத்து, தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் கொடுத்தாள். அந்த அலுவலகத்தில் கோப்பு எண் இல்லாமல் கிடைத்த ஒரே பொருள் அந்தத் தண்ணீர்தான்.

மக்கள் ஆதரவு அலுவலர் ரஞ்சித்குமார் எழுந்து நின்று கைகுலுக்கினார். மிகவும் மரியாதை தெரிந்தவர்.

“ஐயா, மக்கள் கேட்டாங்கன்னு எதையும் செஞ்சிடக் கூடாதுங்க. மொதல்ல மக்கள் ஆதரவு வேணும். ரெண்டும் வேற வேற.”

“தினம் எரநூறு பேரு நடந்துகிட்டிருந்தோம் சார்.”

“அது பழக்கம்ங்க, ஆதரவு இல்ல. பழக்கத்துக்கு எங்ககிட்ட படிவம் கெடையாது. அதோட, அனுமதி இல்லாம நடந்தவங்க அத்துமீறி நொழஞ்சவங்க. அவங்ககிட்ட போயி ஆதரவு கேட்டா கழகத்தோட மரியாத என்ன ஆகும்?”

“அப்ப யாருகிட்ட கேப்பீங்க?”

ரஞ்சித்குமார் ஒரு பழைய பேரேட்டைத் திறந்தார். ஓரம் அரித்திருந்தது. அந்தக் காலத்து ரயில்காரர்கள், வண்டி போன பிறகு பிணத்தை மேட்டின் வழியே எடுத்துச் செல்ல வீட்டுக்கு ஒரு சீட்டு கொடுத்திருந்தார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறாம் வருஷத்துப் பட்டியல். நூற்றுப்பதினெட்டுப் பெயர்.

“சட்டப்படி நடக்க உரிமை உள்ளவங்க இவங்கதான். இதுல முக்கால்வாசிப் பேரு ஆதரவு தரணும். நவம்பர் முடியிறதுக்குள்ள வரலன்னா திட்டம் கைவிடப்படும்.”

“கைவிட்டா வேலிய எடுத்துடுவீங்களா?”

“வேலி வேற திட்டம்ங்க. அது நிரந்தரம்.”

சூசைமுத்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பட்டியலைப் பார்த்தார். “சார், இதுல ஏழு பேருதான் உசுரோட இருக்காங்க. மத்தவங்க செத்துட்டாங்க.”

“அது உங்க தகவல். எங்க கோப்புல எல்லாரும் இருக்காங்க.”

அறுபத்திரண்டாவது வரியில் அவர் விரல் நின்றுவிட்டது. ‘ஜெயமேரி, வயது 20.’ அப்பா கப்பலில் போயிருந்ததால் சீட்டை மகள் பெயரில் போட்டிருக்கிறார்கள். கல்யாணத்துக்கு முந்தைய கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதியது போல இருந்தது.

“என்னங்க ஐயா?”

“ஒண்ணுமில்ல சார். தெரிஞ்சவங்க.”

மனு போட்டவர் என்ற தகுதியில் சூசைமுத்து அன்றே ‘கௌரவ ஆதரவுத் தூதுவர்’ ஆக்கப்பட்டார். பச்சைத் தொப்பியும் நூற்றுப்பதினெட்டு அறிவிப்புத் தாள்களும் தந்தார்கள். ஒவ்வொரு தாளிலும் மூன்று கட்டம்: ஆதரவு, எதிர்ப்பு, கருத்து இல்லை. பெறுநர் கையால் குறியிட வேண்டும். பெறுநர் இல்லத்தில் இல்லையென்றால் அவர் தற்போது தங்கியுள்ள இடத்தில் ஒட்ட வேண்டும்.

“எரிச்சவங்களுக்கு எங்க சார் ஒட்டுறது?” என்று கேட்டார்.

ரஞ்சித்குமார் யோசித்தார். அவர் எந்தக் கேள்வியையும் அலட்சியம் செய்கிறவர் அல்ல. மேலிடத்துக்கு எழுதிப் பதில் வாங்கினார். சாம்பல் கரைக்கிற கடற்கரையில் பொதுவாக ஒரு பலகை நடப்பட்டது.

இப்படியாக சூசைமுத்து வீடு வீடாகப் போய் இறந்தவர்களை விசாரித்தார். முதல் வீடு அஞ்சுகத்தினுடையது. தெருமுனையில் இட்லி விற்கிற அம்மாள். பட்டியலில் இருந்தது அவள் மாமனார்.

“அவரா ஆதரவு தரப்போறாரு?” என்று சிரித்தாள். “உசுரோட இருந்தப்பவே ஒண்ணுக்கும் சரின்னு சொன்னதில்ல. சாம்பார் நல்லாருக்குன்னு ஒருவாட்டி சொன்னாரு. மறுநாளு போயிட்டாரு.”

“நான் என்னம்மா எழுதுறது?”

“உக்காருங்கண்ணே. மொதல்ல ரெண்டு இட்லி தின்னுங்க. தொப்பியக் கழட்டுங்க, காத்தாடட்டும்.”

ஒவ்வொரு வீட்டிலும் இதுவே நடந்தது. உட்காரச் சொன்னார்கள். ஏதோ ஒன்று தின்னக் கொடுத்தார்கள். பிறகு இறந்தவரைப் பற்றிப் பேசினார்கள். ஒருவர் வாசலில் செருமிவிட்டுத்தான் எந்த வீட்டுக்குள்ளும் நுழைவாராம். ஒரு அம்மாள் மழை வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் துணியை எடுத்துவிடுவாளாம். டீக்கடை சேக் அலாவுதீனுடைய வாப்பா, மேட்டில் போகிற எந்தப் பாடையைக் கண்டாலும், யாருடையதாக இருந்தாலும், நாற்பதடி தோள் கொடுத்துவிட்டுத் திரும்புவாராம்.

இத்தனை பேரையும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு அவர்களை வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டு வர சூசைமுத்துவால் முடியவில்லை. லாரி ரோட்டில் போகும்போது பின்னால் ஒற்றை வரிசையில் வருவது போல இருந்தது. யாரோ செருமினார்கள். திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இல்லை. ஆனாலும் லாரி வந்தபோது அவர் தன்னை மட்டும் ஒதுக்கிக்கொள்ளவில்லை. கையைப் பின்னால் நீட்டி, “ஓரமா வாங்க” என்றார். லாரிக்காரர் ஒருவர் வேகத்தைக் குறைத்து, அந்த வெறும் ரோட்டைப் பார்த்து, வரிசை முழுவதும் கடந்துபோகும் நேரத்துக்கு நிறுத்தி வைத்திருந்துவிட்டுப் போனார்.

ஜெயமேரியின் தாளைக் கடைசியாக வைத்துக்கொண்டார். கல்லறைச் சிலுவையில் ஒட்டி, பக்கத்தில் பேனாவையும் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

“நான் உன்னப் பாக்க வர்ற வழிக்கு உன்கிட்டயே அனுமதி கேக்கச் சொல்றாங்க மேரி” என்றார். “அவசரமில்ல. ஏழு நாளு தந்திருக்காங்க.”

ஏழு நாளும் மழை. எட்டாம் நாள் தாளைப் பிரித்து எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். மழைத்துளி ஒன்று விழுந்து மை பரவியிருந்தது. ரஞ்சித்குமார் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

“பாதி ஆதரவுல விழுந்திருக்கு. பாதி எதிர்ப்புல. அம்மாவுக்குக் கொஞ்சம் தயக்கம் இருக்கும் போல.”

“அவளுக்கு என்மேல ஒரு தயக்கமும் இருந்ததில்ல சார்.”

இதைச் சொன்னபோது சூசைமுத்துவின் குரல் கொஞ்சம் ஓங்கிவிட்டது. வெண்மதி தட்டச்சை நிறுத்தினாள்.

நூற்றுப்பதினெட்டில் தெளிவாகக் குறியிடப்பட்டுத் திரும்பியவை மூன்று. அவையும் உயிரோடிருந்தவர்களுடையவை. “இது தோல்வி இல்லைங்க” என்றார் ரஞ்சித்குமார். “பங்கேற்பு கொறவுன்னு அர்த்தம். எல்லாரையும் ஒரே எடத்துல கூட்டணும். இந்த மாதிரிப் பங்குதாரர்கள் எல்லாம் ஒண்ணா இருக்குற நாளு ஏதாவது இருக்கா?”

யாரும் விளையாட்டாகக்கூடச் சொல்லவில்லை. நாட்காட்டியில் அவரே கண்டுபிடித்தார். நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். இறந்தவர்களுக்காகச் சனங்கள் கல்லறையை வெள்ளையடித்து, பூப்போட்டு, மெழுகுவத்தி ஏற்றுகிற நாள். ‘பொதுக் கருத்துக்கேட்புக் கூட்டம், இடம்: கல்லறைத் தோட்டம், நேரம்: மாலை ஐந்து’ என்று அறிவிப்பு போயிற்று. மற்ற சமயத்துப் பெறுநர்களும் அங்கேயே வருமாறு கேட்டுக்கொள்ளப்பட்டார்கள்.

அன்று மழை விட்டிருந்தது, தண்ணீர் வடியவில்லை. லாரி ரோடு முழங்கால் ஆழம். தெருச் சனங்கள் மெழுகுவத்தியும் பூவும் வைத்துக்கொண்டு இரும்புக் கதவுக்கு முன்னால் நின்றார்கள். சூசைமுத்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஜெயமேரி விளக்கில்லாமல் இருந்துவிடுவாளோ என்று பயந்தார். அலுவலரும் வெண்மதியும் ஜீப்பில் வந்து இறங்கினார்கள்.

“அதிகாரிகள் மட்டும் இதுவழியா போவோம்” என்றார் ரஞ்சித்குமார். “மத்தவங்க காத்திருங்க. உங்களுக்கு இன்னைக்குக் கூட்டம் இல்ல.”

வெண்மதி கையிலிருந்த விதிப்புத்தகத்தைப் புரட்டினாள். “சார், விதி பதினொண்ணு. கூட்டத்துக்கு வர்ற ஒவ்வொரு பெறுநரும், உடல் இயலாதவரா இருந்தா, ஒதவிக்கு ஆள் அழைச்சிட்டு வரலாம்னு போட்டிருக்கு.”

“ஆமா?”

“பெறுநர்கள்ல நெறைய பேருக்கு இயலாம இருக்கு சார்.”

ரஞ்சித்குமார் விதியை வாங்கி இருமுறை படித்தார். விதிக்கு எதிராக அவர் எதுவும் செய்ததில்லை. மார்ட்டின் கதவைத் திறந்தான். தெரு முழுவதும், தன் தன் இறந்தவருக்கு உதவியாளாக, மேட்டில் ஏறியது.

பாதி வழியில் ரஞ்சித்குமார் “ஆ!” என்று நின்றார். முள் செருப்பைத் துளைத்திருந்தது. அஞ்சுகம் சேற்றிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்து, “காலத் தாங்க தம்பி” என்று அவர் பாதத்தைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். புடவையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்து முள்ளைத் தோண்டினாள். “அசையாதீங்க. எத்தன நாளா சாப்புடாம இருக்கீங்க? கணுக்கால் குச்சி மாதிரி இருக்கு.”

முள் வந்தது. ரஞ்சித்குமார் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். “இத யாராவது வெட்டச் சொல்லியிருக்கலாமே” என்றார்.

சூசைமுத்து அந்த முள்ளை வாங்கி ஓரமாகப் போட்டார்.

கல்லறைத் தோட்டத்தில் மேசை போட்டு, பச்சைத் துணி விரித்து, ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். சனங்கள் கல்லறைகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து வத்தி ஏற்றினார்கள். ரஞ்சித்குமார் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துப் பேசத் தொடங்கினார்.

“மதிப்புக்குரிய ஆதரவாளர்களே! என் பணிக்காலத்துல எத்தனையோ கூட்டம் பாத்திருக்கேன். இவ்வளவு அமைதியான கூட்டத்தப் பாத்ததில்ல. யாரும் குறுக்க பேசல. யாரும் தண்ணி வரலன்னு கேக்கல. மக்கள்னா இப்படித்தான் இருக்கணும்னு நான் ரொம்ப நாளா நெனச்சுகிட்டிருந்தேன். கழகம் யாருக்காகத் திட்டம் போடுதுன்னு சில பேர் கேக்குறாங்க. உங்களுக்காகத்தான்!”

கைதட்டலுக்காக நிறுத்தினார். காற்று மட்டும் சவுக்குத் தோப்புக்குள் புகுந்து வெளியே வந்தது. தொலைவில் பெரிய பாதையில் ரயில் கூவிற்று. இல்லாமல்போன தண்டவாளத்தின் வழியாக அந்தச் சத்தம் நேரே தோட்டத்துக்குள் வந்து நின்றது போல இருந்தது. அவர் அவசரமாகப் பேரேட்டைத் திறந்தார்.

முதல் பெயரைக் கூப்பிட்டார். ஒரு கல்லறைக்குப் பக்கத்திலிருந்து ஒரு பெண், “இருக்காங்க” என்றாள்.

“ஆதரவா?”

“ஆதரவுதாங்க.”

இரண்டாவது பெயர். “இருக்காரு.” மூன்றாவது. “இருக்காங்க.” அஞ்சுகத்தின் மாமனார் பெயர் வந்தபோது அவள், “இருக்காரு, சரின்னுட்டாரு, ஆச்சரியந்தான்” என்றாள். இருட்டு இறங்க இறங்கப் பேசுகிறவர்களின் முகம் மறைந்தது. வத்தியும் குரலும் மட்டும் இருந்தன. எந்தக் குரல் உயிரோடிருப்பவருடையது என்று மேசையிலிருந்து சொல்ல முடியவில்லை. இருபதாவது பெயரில் ரஞ்சித்குமார் ஒலிபெருக்கியைத் தள்ளி வைத்தார். நாற்பதாவதில் நாற்காலியை விட்டு எழுந்தார். அப்புறம் செருப்பைக் கழற்றினார். ‘ஆதரவா’ என்று கேட்பதை எப்போது விட்டார் என்று யாரும் கவனிக்கவில்லை.

“பவுலீன்.”

பதில் இல்லை. வம்சமே அற்றுப்போன வீடு. மறுபடி கூப்பிட்டார், மெதுவாக.

“இருக்காங்க தம்பி” என்றாள் அஞ்சுகம். “அந்த ஓரத்துல. கேக்க நாதியில்லாதவங்க. வருஷா வருஷம் நாந்தான் வத்தி வைக்கிறேன்.”

அவர் அந்த ஓரத்து வத்தியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் குறித்துக்கொண்டார்.

அறுபத்திரண்டாவது வரி. “ஜெயமேரி.”

சூசைமுத்து இரண்டு வருஷமாக அவளிடம் ஓயாமல் பேசியிருக்கிறார். அவளைப் பற்றி இன்னொருவரிடம் அந்த ஒரு சொல்லைச் சொன்னதில்லை. எல்லாக் குரல்களும் காத்திருந்தன. ரஞ்சித்குமாரும் காத்திருந்தார். அவர் கழகத்தில் சேர்ந்த பிறகு ஒரு மனிதரின் பதிலுக்காகக் காத்திருந்தது அதுவே முதல் தடவை.

“இருக்கா” என்றார் சூசைமுத்து.

நூற்றுப்பதினெட்டில் நூற்றுப்பதினான்கு பேர் வந்திருந்து ஆதரவளித்ததாக அறிக்கை போயிற்று. வராத நாலு பேரும் உயிரோடிருந்தவர்கள்.

கழகம் மகிழ்ச்சியோடு நடைவழியைத் திறந்தது. ஆதரவு பதிவானவர்களுக்கு மட்டும் நடக்க அனுமதி. அவர்கள் பெயரில் அட்டைகள் அந்தந்த முகவரிக்கு வந்தன. உயிரோடிருக்கும் பொதுமக்களின் ஆதரவு இன்னும் திரட்டப்படவில்லை என்றும், அது இரண்டாம் கட்டத்தில் பரிசீலிக்கப்படும் என்றும் பலகையில் சேர்த்து எழுதினார்கள். மார்ட்டினுக்கு ஒரு பதிவேடு கொடுத்தார்கள். நடப்பவர் பெயர், நேரம்.

முதல் நாளே அஞ்சுகம் மாமனார் பெயரில் போய்வந்தாள். சேக் அலாவுதீன் வாப்பா பெயரில் போனார். சூசைமுத்து மூன்று நாள் அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கதவுவரை வந்து திரும்பினார். முப்பத்தோரு வருஷம் ஒரு கிலோ தப்பாக எழுதாத கை.

“என்னண்ணே, போகலியா?” என்று அஞ்சுகம் கேட்டாள்.

“பொய்யில்லியாம்மா? கதவுக்கு இந்தப் பக்கம் நிக்கிறது நானு.”

“நாலு மணியானா உங்கள அங்க கூட்டிட்டுப் போறது யாரு? நீங்களா போறீங்க?”

சூசைமுத்து அன்றிரவு செபத்தில் அதையே கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் படுத்தார்.

நாலாம் நாள் விடிந்தபோது மேட்டில் முள் இல்லை. இரண்டு பக்கமும் அடியோடு வெட்டி, வேரைத் தோண்டி, தழையை ஓரமாகக் குவித்திருந்தது. யார் ஆணையிட்டார்கள் என்று எந்தக் கோப்பிலும் கிடையாது. விடியற்காலையில் காலை விந்தி விந்தி ஒருவர் இரண்டு ஆட்களோடு வந்து நின்றதாகவும், கையில் கோப்பு எதுவும் இல்லாததால் தனக்கு அடையாளம் தெரியவில்லை என்றும் மார்ட்டின் சொன்னான்.

நாலு மணிக்கு சூசைமுத்து வந்தார். துவைத்த சட்டை போட்டிருந்தார், தொப்பி இல்லை. அட்டையை நீட்டினார். மார்ட்டின் பதிவேட்டைத் திறந்து பேனாவை எடுத்தான்.

“பேரு?”

“ஜெயமேரி.”

மார்ட்டின் நிதானமாக எழுதினான். நேரத்தையும் எழுதினான். பிறகு முக்காலியை விட்டு எழுந்து கதவை அகலத் திறந்தான்.

“பாத்துப் போயிட்டு வாங்க அத்தே” என்றான்.

சூசைமுத்து தலையசைத்துவிட்டு மேட்டில் ஏறினார். முள் இல்லாத வழி இப்போது இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நடக்கும் அளவுக்கு அகலமாக இருந்தது. அவர் இடது ஓரமாகவே நடந்து போனார்.